ஏஎல் புவியியல்: வளிமண்டலம் வந்தால் பயப்படாதீர்கள், கணக்குக் கேளுங்கள்

பெறுபேறு வந்துவிட்டது. புவியியலுக்கு ஏ. அம்மா முறிகண்டியில் தேங்காயும் உடைத்தாயிற்று. அடுத்த முறை எழுதப்போகும் தம்பி தங்கச்சிமார் "அக்கா, நோட்ஸ் தாங்கோ" என்று கேட்டபடி இருக்கிறார்கள். தரலாம். ஆனால் வளிமண்டலப் பகுதியில் என் கொப்பி முழுக்க அம்புக்குறிதான், வேறு யாருக்கும் விளங்காது. அதனால் எழுதியே சொல்கிறேன்.

முதலில் என் கோபம். நான் போன ரியூசனில் தந்த அச்சு நோட்ஸில் 'வளிமண்டலத்தின் தோற்றம்' ஒரு மூலையில், 'காலநிலை மாற்றம்' இன்னொரு மூலையில். நடுவில் ஆறுகளும் மண்சரிவும். அதுகூடப் பரவாயில்லை. ஓசோன் ஓட்டையால்தான் புவி சூடாகிறது என்று தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள். அதை நம்பிப் பாடமாக்கியவர்களின் புள்ளிக்கு யார் பொறுப்பு?

எனக்குப் பாடமாக்க வராது. கடைக்காரரின் கடன் கொப்பி மாதிரி ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டே கேள்வி கேட்டேன். இந்தப் பாடத்துக்கு வேறு உத்தி தேவையில்லை என்பது என் பிடிவாதம்.

பூமி உருவானது சுமார் 454 கோடி ஆண்டுகளுக்கு முன். தொடக்கத்தில் இருந்த ஐதரசனும் ஈலியமும் இலேசானவை, விண்வெளிக்குத் தப்பிவிட்டன. பிறகு எரிமலைகள் நீராவி, காபனீரொட்சைட்டு, நைதரசன் எல்லாவற்றையும் கக்கின. இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். அதற்குப் பிறகுதான் புள்ளி.

நீராவி ஒடுங்கிக் கடலாயிற்று. காபனீரொட்சைட்டு கடலில் கரைந்து காபனேற்றுப் பாறையாயிற்று. வெள்ளிக் கிரகத்தில் அப்படி நடக்கவில்லை, அங்கே வளியில் இன்றும் 96 வீதம் அதுதான். அப்படிப்பட்ட பாறையைப் பார்க்க யாழ்ப்பாணம் பஸ்ஸில் ஏறினால் போதும். குடாநாட்டின் அடியில் கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லும் கடலில் படிந்ததுதான். அந்தக் கல்லைச் சுட்டுச் சீமெந்து செய்தால் உள்ளே அடைபட்ட காபனீரொட்சைட்டு திரும்ப வெளியே வரும். காங்கேசன்துறை ஆலை ஓடிய காலத்தில் அதுவும் நடந்தது. 'வளிமண்டலத்தின் தோற்றம்', 'காலநிலை மாற்றம்' என்ற இரண்டு பாட அலகுகளையும் கோத்துவிட இந்த உதாரணம் ஒன்றே போதும்.

நைதரசன் ஏன் 78 வீதம்? அது எளிதில் எதனோடும் சேராது. மற்றவை போய்விட்டன, இது தங்கிவிட்டது. ஆகன் வாயு, பாறையில் உள்ள பொற்றாசியம் 40 என்ற கதிரியக்க அணு சிதைந்து வந்தது, ஒரு வரி போதும்.

ஒட்சிசனில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'சயனோபற்றீரியா என்ற நுண்ணுயிர் ஒளித்தொகுப்பு செய்தது, ஒட்சிசன் வந்தது' என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். செத்த உயிர் உக்கும்போது அதே ஒட்சிசனைத் திரும்ப எடுத்துவிடுமே, மிச்சம் ஏது? உக்காமல் சேற்றில் புதைந்துபோன காபனுக்கு ஈடான ஒட்சிசன்தான் மிஞ்சியது. அந்த மிச்சத்தையும் முதலில் எரிமலை வாயுக்களும் கடலில் கரைந்திருந்த இரும்பும் விழுங்கின. அந்த இரும்பு இன்று பட்டை பட்டையான பாறையாகக் கிடக்கிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் ஒட்சிசன் வளியில் சேரத் தொடங்கியது. 21 வீதம் ஆனது அதற்கும் வெகுகாலம் பிந்தி.

அப்படிப் புதைந்த காபனில் ஒரு சிறு பங்குதான் நிலக்கரியும் பெற்றோலியமும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிவதும் நிலக்கரிதான். புதைத்ததைத் தோண்டி எரித்தால் காபனீரொட்சைட்டு கூட வேண்டும், ஒட்சிசன் குறைய வேண்டும். அளந்து பார்த்தால் இரண்டுமே நடக்கிறது. ஒட்சிசன் குறைவது மிகச் சிறிய அளவில்தான், மூச்சுக்கு ஆபத்தில்லை. ஆனால் கூடிய வாயு எரிமலையிலிருந்து வந்ததல்ல, எரித்ததால் வந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. இதை எழுதுபவர்கள் குறைவு.

சரி, மனதில் நிற்க வேண்டிய எண்கள்:

- கைத்தொழில் யுகத்துக்கு முன் காபனீரொட்சைட்டு: பத்து லட்சத்தில் 280 பங்கு.
- 1958, ஹவாயின் மௌனா லோவா மலையில் விஞ்ஞானி கீலிங் அளக்கத் தொடங்கியபோது: சுமார் 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.
- அந்தாட்டிக் பனிக்கட்டிக் குமிழிகள் காட்டும் 8 லட்சம் ஆண்டுகளில் கைத்தொழில் யுகம் வரை எங்குமே இந்த அளவு இல்லை.
- வெளிவிடுவதில் ஏறக்குறையப் பாதி வளியில் தங்குகிறது, மிச்சம் கடலுக்கும் தாவரத்துக்கும் மண்ணுக்கும்.
- ஓசோனைத் தனித் தாளில் வையுங்கள்: அதை அழிக்கும் குளோரோபுளோரோகாபன் வாயுக்கள், அதைக் காக்க வந்த வியன்னா சமவாயம் 1985, மொன்றியல் உடன்படிக்கை 1987. அந்த வாயுக்களும் வெப்பத்தைப் பிடிப்பவைதான், ஆனால் புவி சூடாவதற்குக் காரணம் ஓட்டை அல்ல.

மெதேனுக்கு இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைகள் புத்தகம் தேட வேண்டியதில்லை. தண்ணீர் கட்டிய வயலில் சேற்றுக்குள் ஒட்சிசன் போகாது, அங்கே நுண்ணுயிர்கள் மெதேனை உண்டாக்கும். இடையிடையே தண்ணீரை வடித்தால் அது குறையும். காலபோகம், சிறுபோகம் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். வெளிநாட்டு உதாரணத்தைவிட அது நன்றாக எடுபடும்.

இன்னும் சில:

- கூட்டாகப் படிக்காதீர்கள். விடியப்புறம் தனியாக இருந்து அம்புக்குறி போட்டு வரையுங்கள்.
- வாயு அட்டவணையை விடையின் முதல் பக்கத்தில் போட்டு இடத்தை நிரப்ப வேண்டாம்.
- காபனீரொட்சைட்டு பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, மெதேன் நூறு கோடியில் இத்தனை பங்கு. அலகை மாற்றி எழுதினால் மெதேன் ஆயிரம் மடங்கு கூடிவிடும், திருத்துபவர் அதற்குமேல் உங்கள் எண் எதையும் நம்ப மாட்டார்.