ஒரு லீற்றர் சேலைன் எங்கே போகிறது?

வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், என்னிடம் கேட்ட முதல் கேள்வி: வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனியில் குளுக்கோசு எதற்கு? "உடம்புக்குத் தெம்பு வர, சேர்" என்றேன். சேர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். சரி, முடிந்தது கதை என்று அப்போதே விளங்கிவிட்டது.

விடை எங்கள் வீட்டுக் குசினியிலேயே இருந்ததுதான் கொடுமை. கிளிநொச்சியில் சிறுபோக அறுவடை நேரம் அப்பா வயலால் வந்து செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிப்பார். பிறகும் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். "வெறுந்தண்ணியைக் குடியாதேங்கோ" என்று சொல்லி அம்மா சோற்றுக்கஞ்சியில் உப்புக்கல் போட்டுக் கொடுப்பார். வியர்வையோடு சோடியமும் போகிறது. வெறுந்தண்ணீர் அதைத் திருப்பித் தராது. சிறுகுடற் கலத்தில் சோடியத்தையும் குளுக்கோசையும் சோடியாக உள்ளே எடுக்கும் ஒரு காவிப் புரதம் இருக்கிறது. அவை போனால் தண்ணீரும் பின்னால் போகும். கஞ்சியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாக உடைகிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லீற்றருக்குச் சோடியம் 75, குளுக்கோசும் 75 மில்லிமோல். இந்தச் சோடியை மறக்கவேண்டாம்.

இரண்டாம் முறை இருந்தபோது படிப்பதை மாற்றினேன். எண்களைப் பாடமாக்க முன்னர் பெட்டி கீறினேன். 70 கிலோ ஆணின் உடம்பில் ஏறத்தாழ 42 லீற்றர் தண்ணீர்: கலங்களுக்கு உள்ளே 28, வெளியே 14. அந்த 14 இல் குருதித் திரவவிழையம் (பிளாஸ்மா) வெறும் மூன்றரை. கலமென்சவ்வை வயல் வரம்பாக நினையுங்கள். தண்ணீர் அதில் கசிந்து இரண்டு பக்கமும் போகும். சோடியம் உள்ளே வந்தால் பம்பி திரும்ப வெளியே இறைத்துவிடும்.

இப்போது ஒரு லீற்றர் நோர்மல் சேலைன், அதாவது 0.9 வீத உப்புக்கரைசல், ஏற்றுங்கள். சோடியம் வெளியே நிற்பதால் தண்ணீரும் அந்த 14 க்குள்ளேயே நிற்கும். குருதிக்குழாய்க்குள் கால்வாசி, 250 மில்லிலீற்றர் அளவில். 5 வீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோசுக் கரைசல், என்றால் குளுக்கோசைக் கலங்கள் எடுத்துவிட, மிஞ்சும் தண்ணீர் 42 லீற்றரிலும் பரவும். குழாய்க்குள் 80 மில்லிலீற்றர் அளவில்தான் தேறும். இரத்தம் போனவருக்கு ஏன் அது உதவாது என்று இனி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. என்னைக் கேட்டால், முழுப் பாடத்திலும் பெறுமதியான கணக்கு இதுதான்.

சிறுநீரகத்தை ஆளும் ஓமோன்களில் ஏடிஎச் தண்ணீரைப் பார்க்கும், அல்டொஸ்டெரோன் சோடியத்தைப் பார்க்கும். முதல் வாசிப்புக்கு அது போதும்.

அமில மூலச் சமநிலையில் எல்லோரும் சறுக்குவது ஒழுங்கில். நானும் குருதியில் காபனீரொட்சைட்டு குறைவு என்று கண்டவுடனேயே சுவாசக் கோளாறு என்று எழுதியவள். முதலில் பி.எச்., அதாவது குருதியின் அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; பிறகுதான் மற்றவை. ஒன்று செய்து பார்ப்போம்: பி.எச். 7.25, காபனீரொட்சைட்டு 28, அமிலத்தைச் சமன்செய்யும் பைகாபனேற்று 12, சோடியம் 138, குளோரைட்டு 114. பி.எச். 7.35 க்குக் கீழே, ஆகவே அமிலப்பக்கம். பைகாபனேற்று 22 க்குக் கீழே, ஆகவே அனுசேபக் கோளாறு. இதற்கு எதிர்பார்க்கும் காபனீரொட்சைட்டு எவ்வளவு? பைகாபனேற்றை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டினால் 26; இரண்டு கூடலாம், குறையலாம். 28 அதற்குள் வருகிறது, அதாவது நுரையீரல் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. சோடியத்திலிருந்து குளோரைட்டையும் பைகாபனேற்றையும் கழித்தால் வருவது அனயன் இடைவெளி; இங்கே 12, அது கூடவில்லை. புதிதாக அமிலம் ஒன்றும் சேரவில்லை, பைகாபனேற்றுத்தான் எங்கோ ஒழுகிப்போயிருக்கிறது. அநேகமாக வயிற்றோட்டக்காரர். ஜீவனி கரையுங்கள்.