ஏதென்ஸுக்குக் கோதுமை வந்த வழி

கடற்போர் என்றால் எத்தனை கப்பல் மூழ்கியது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். நான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன், தானியக் கப்பல்களின் கணக்கு பார்த்தவன். என் கண் வேறு இரண்டு விஷயங்களுக்குப் போகும். தோற்றவனுக்குச் சாப்பாடு எந்த வழியாக வந்துகொண்டிருந்தது? அடுத்த கப்பல் கட்ட அவனுக்கு யார் பணம் தருவார்கள்? பழைய கிரேக்க நகரங்களான ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த 27 ஆண்டுப் போரை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

அந்தப் போரில் ஏதென்ஸ் வாங்கிய பெரிய அடி எது என்று கேட்டால் சிசிலித் தீவுப் படையெடுப்பு என்பார்கள். உண்மைதான். கி.மு. 413இல் அந்தத் தீவின் சைராக்யூஸ் துறைமுகத்துக்குள் மாட்டிக்கொண்டு 200 கப்பல் அளவுக்குப் போயிற்று. பிழைத்தவர்களைக் கல்குவாரிகளில் அடைத்தார்கள். ஆனாலும் போர் முடியவில்லை. போர் தொடங்கிய 431இலேயே ஏதென்ஸ் 1000 டாலண்ட் வெள்ளியைத் தனியாக எடுத்து வைத்திருந்தது. ஒரு டாலண்ட் சுமார் 26 கிலோ. எதிரி கடல்வழியாக நகரத்தையே தாக்க வந்தால் ஒழிய அதைத் தொடலாம் என்று சபையில் சொல்பவனுக்கு மரண தண்டனை. சிசிலிக்கு அப்புறம் அந்த வெள்ளியை வெளியே எடுத்தார்கள், புதுக் கப்பல்கள் கட்டினார்கள். கருங்கடல் கோதுமையும் வந்துகொண்டுதான் இருந்தது.

ஸ்பார்ட்டாவும் இப்படி விழுந்து எழுந்திருக்கிறது. 410இல் சைசிகஸ் கடற்போரில் அவர்கள் கப்பற்படை மொத்தமும் போனது. கப்பல்கள் போய்விட்டன, தளபதி மிண்டாரஸ் இறந்துவிட்டார், ஆட்கள் பட்டினி, என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ஊருக்கு எழுதிய கடிதம் வழியில் ஏதென்ஸ்காரர்கள் கையில் சிக்கியது. அப்போது பாரசீக ஆளுநர் பார்னபாசஸ் உதவிக்கு வந்தார். ஆளுக்கு ஒரு மேலங்கி, இரண்டு மாதச் சாப்பாட்டுச் செலவு. மன்னர் நாட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை, ஐடா மலையில் வெட்டிக் கப்பல் கட்டிக்கொள்ளுங்கள் என்றார். 406இல் அர்ஜினூசே தீவுகளுக்கு அருகே மறுபடி 70 கப்பல் அளவுக்கு இழந்தார்கள். பாரசீக இளவரசர் சைரஸ் மறுபடி பணம் கொடுத்தார். அந்தச் சண்டைக்குக் கப்பல் அனுப்ப ஏதென்ஸ் என்ன பாடுபட்டது தெரியுமா? கோயிலில் இருந்த வெற்றித் தேவதையின் பொன் சிலைகளை உருக்கி நாணயம் அடித்தது. அடிமைகளைத் துடுப்புக்கு உட்காரவைத்து விடுதலை தந்தது. ஜெயித்தது ஏதென்ஸ்தான், ஆனால் கஜானாவில் எதுவும் மிஞ்சவில்லை.

405இல் ஸ்பார்ட்டாவின் தளபதி லைசாண்டர் தன் படையை நேராக ஹெலஸ்பாண்ட் நீரிணைக்குக் கொண்டுபோனார். இன்றைய டார்டனெல்ஸ். கருங்கடல் தானியம் ஏதென்ஸுக்கு வர அது ஒன்றுதான் வாசல். லாம்ப்சகஸ் என்ற வளமான ஊரைப் பிடித்து அங்கேயே உட்கார்ந்தார். பின்னாலேயே 180 கப்பல்களோடு வந்த ஏதென்ஸ் படை, எதிர்க்கரையில் ஏகஸ்பொட்டாமி என்ற வெறும் கடற்கரையில் இறங்கியது. துறைமுகம் இல்லை, சந்தை இல்லை.

இங்கேதான் எனக்கு மனம் நின்றுவிடுகிறது. அந்த மூவடுக்குத் துடுப்புக் கப்பல் ஒவ்வொன்றிலும் 200 பேர். சமைக்க இடமில்லை, உணவும் தண்ணீரும் அதிகம் ஏற்றிவைக்க இடமில்லை. தினமும் கரையேறித்தான் சாப்பிட வேண்டும். 180 கப்பல் என்றால் 36,000 வயிறு. தள்ளி இருந்த செஸ்டோஸ் ஊருக்குப் போய் உணவு வாங்கி வந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு கோட்டையில் இருந்த அல்சிபியாடிஸ், நாடு கடந்து வாழ்ந்த பழைய தளபதி, நேரில் வந்து எச்சரித்தார். செஸ்டோஸுக்கே நகர்ந்துவிடுங்கள், அங்கே துறைமுகமும் உண்டு, ஊரும் உண்டு என்றார். இப்போது தளபதிகள் நாங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

நான்கு நாள் ஏதென்ஸ் கப்பல்கள் போய்ச் சண்டைக்கு அழைத்தன. லைசாண்டர் அசையவில்லை. அவர்கள் திரும்பியதும் வேகமான கப்பல்களை அனுப்பி, ஆட்கள் கரையேறிக் கலைவதை மட்டும் பார்த்துவரச் சொன்னார். ஐந்தாம் நாள் வேவுக் கப்பலில் அடையாளமாக ஒரு கேடயம் உயர்ந்தது. லைசாண்டர் பாய்ந்து வந்தபோது சில கப்பல்களில் துடுப்புப் போட ஆளே இல்லை. ஏறத்தாழ 170 கப்பல்கள், பெரும்பாலும் கரையிலேயே பிடிபட்டன. துரோகம் என்று அன்றே பேசினார்கள். அந்த ஆட்களின் பசியே காரணம் என்று நினைக்கிறேன். பிடிபட்ட ஏதென்ஸ்காரர்களைக் கொன்றார்கள்.

செய்தி இரவில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்கு வந்தது. அழுகை, துறைமுகத்தையும் நகரத்தையும் இணைத்த நீண்ட மதில்கள் வழியாக ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு நகரம் வரை ஏறிப்போனது, யாரும் தூங்கவில்லை என்று அந்தக் காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனபோன் எழுதியிருக்கிறார். மீலோஸ் தீவுக்காரர்களுக்குத் தாங்கள் செய்த கொடுமை தங்களுக்கும் நடக்கும் என்று பயந்தார்கள்.

அப்புறம் லைசாண்டர் செய்ததுதான் எனக்குச் சண்டையைவிடப் பயங்கரம். வழியிலுள்ள ஊர்களில் சிக்கிய ஏதென்ஸ்காரர்களை உயிரோடு விட்டார், ஆனால் ஏதென்ஸுக்குத்தான் போக வேண்டும், வேறெங்கும் கூடாது. நகரத்தில் கூட்டம் பெருகப் பெருகக் களஞ்சியம் சீக்கிரம் காலியாகும் என்ற கணக்கு. பிறகு 150 கப்பல்களோடு பிரேயஸ் வாசலை அடைத்தார். மதிலை யாரும் உடைக்கவில்லை. பட்டினியில் மக்கள் செத்தார்கள், 404இல் நகரம் பணிந்தது. 12 கப்பல் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். குழலூதும் பெண்கள் வாசிக்க மதில்களை இடித்தார்கள்.

அந்தக் கடற்கரையிலிருந்து தப்பிய தளபதி கோனான். எட்டுக் கப்பல்களோடு வெளியேறும் அவசரத்திலும், லைசாண்டர் கரையில் விட்டுவைத்திருந்த பெரிய கப்பல் பாய்களை எடுத்துக்கொண்டு சைப்ரஸுக்குப் போனார். 394இல் பாரசீகப் படையோடு வந்து நைடஸ் அருகே ஸ்பார்ட்டாவின் கப்பல்களை ஒழித்தவர் அவர்தான். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் மதில்களைத் திரும்பக் கட்டினார். அதற்குப் பணம் கொடுத்தவர் பார்னபாசஸ், சைசிகஸில் ஸ்பார்ட்டாக்காரர்களுக்கு மேலங்கி கொடுத்த அதே ஆளுநர்.