கேட்காமலே மூடப்படும் பழைய வழக்குகள்

பென்சில்வேனியாவில் ஆலன்டவுன் பக்கம் குடோன்களுக்கு ஆள் எடுப்பது என் வேலை. நேர்காணல் முடிந்து, சம்பளமும் பேசி முடித்த பிறகு கடைசியாக வருவது பின்னணிச் சோதனை. அதுவரை கலகலப்பாகப் பேசியவர்களில் சிலர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அமைதியாகிவிடுவார்கள்.

சோதனை அறிக்கையில் ஒரு வழக்குக்கு நாலைந்து வரிதான் இருக்கும்: கவுண்டி, வழக்கு எண், குற்றச்சாட்டு, தேதி, முடிவு. ஒரு பெண்மணியின் அறிக்கை இன்னும் நினைவில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் கடையில் திருடியதாக வழக்கு. 150 டாலர்கூடப் பெறாத பொருள், அபராதத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் எந்த வழக்கும் இல்லை. முதியோர் இல்லச் சமையலறையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். ஆனால் ஷிஃப்ட் மேலாளரின் கண் ‘திருட்டு’ என்ற சொல்லைத் தாண்டிப் போகவே இல்லை. பார்க்கும் வேலைக்குச் சம்பந்தம் இருந்தால் மட்டுமே பழைய தண்டனையைக் கணக்கில் எடுக்கலாம் என்று இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. சரி, ஆனால் குடோன் முழுக்கச் சரக்கு இருக்கும் இடத்தில் திருட்டுக்குச் சம்பந்தம் இல்லை என்று யார் வாதாடுவது? நான் வாதாடினேன், எடுபடவில்லை.

முன்பெல்லாம் தண்டனையே இல்லாத வழக்குகளும் அறிக்கையில் வரும். போலீஸ் கைது செய்திருக்கும், பிறகு குற்றச்சாட்டு வாபஸ் ஆகியிருக்கும். ஆனாலும் அந்த வரி அங்கேயே நிற்கும். நீதிமன்ற இணையதளத்தில் பெயரைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இதை மாற்றியது 2018 ஜூன் 28 அன்று ஆளுநர் டாம் வுல்ஃப் கையெழுத்திட்ட ‘கிளீன் ஸ்லேட்’ சட்டம். குடியரசுக் கட்சியின் ஷெரில் டெலோசியரும் ஜனநாயகக் கட்சியின் ஜோர்டான் ஹாரிஸும் சேர்ந்து முன்னெடுத்தது. சில பதிவுகளை மறைக்க முன்பும் வழி இருந்தது. ஆனால் மனு போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் பிரெஸ்காட், ஸ்டார் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, பதிவை நீக்கிக்கொள்ளத் தகுதி பெற்றவர்களில் ஐந்து வருடத்துக்குள் அதைச் செய்து முடித்தவர்கள் 6.5 சதவீதம்தான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. இப்படி ஒரு வழி இருப்பது என்னிடம் வந்தவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் கோர்ட் வாசலை மறுபடி மிதிக்க மனசு வராது.

கிளீன் ஸ்லேட் சட்டத்தில் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. 2019 ஜூன் முதல் கணினியே வேலையைச் செய்கிறது. நீதிமன்ற நிர்வாகம் மாதாமாதம் தகுதியான வழக்குகளைப் பொறுக்கி எடுத்து மாநிலக் காவல்துறைக்கு அனுப்பும், அவர்கள் சரிபார்த்த பிறகு அவை மூடப்படும், அதாவது பொதுப் பார்வையிலிருந்து மறையும். தண்டனையில்லாமல் முடிந்த வழக்குகளும், குறிப்பிட்ட காலம் வேறு தண்டனை வாங்காதவர்களின் சிறு குற்றங்களும் இதில் அடங்கும். வன்முறை, பாலியல் குற்றங்கள் சேராது. காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் எப்போதும்போல் எல்லாவற்றையும் பார்க்கலாம். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியாது. தெரியாததால் என் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. மூடப்பட்ட வழக்கைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல் பதில் சொல்லச் சட்டமே அனுமதிக்கிறது. அது பொய் ஆகாது. இதைக் கேட்டதும் நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்கள்.

ஆனாலும் இரண்டு இடத்தில் சிக்கல் இருக்கிறது. சோதனை செய்யும் தனியார் நிறுவனங்கள் சிலவற்றிடம் பழைய பிரதி தங்கிவிடும், நீதிமன்றத்தில் மறைந்த வழக்கு அவர்கள் அறிக்கையில் தலைகாட்டும். அப்படி வந்தால் திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்கிறேன். இன்னொன்று, பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீடு. அதில் பாக்கி இருந்தால் பதிவு மூடாது. அபராதம், கோர்ட் செலவு பாக்கி தடையாக இருந்ததை 2020-இல் தளர்த்தினார்கள், இழப்பீட்டை விட்டுவிட்டார்கள். பாதிக்கப்பட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் வேலை கிடைத்தால்தானே கட்ட முடியும்? கடன் கடனாக நிற்கட்டும், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கட்டும். பதிவை மூடுவதற்கு அதைக் காரணம் காட்டிக் காக்க வைக்க வேண்டாம் என்பதுதான் நான் கேட்பது.