பலூனுக்கு முன்னால் ஊசி

கால் தமனி அடைப்பை பலூன் வைத்து விரிக்கும்போது எல்லார் கண்ணும் அடைப்பின் மேலேயே இருக்கும். ஆனால் இந்தச் சிகிச்சையில் அடிக்கடி வரும் சிக்கல், முதல் ஊசி இறங்கும் தொடையிடுக்கில்தான் தொடங்குகிறது.

பொதுத் தொடைத் தமனியை, தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு நேராகக் குத்த வேண்டும். ஷீத்தை (கருவிகள் நுழையத் தமனியில் வைக்கும் குழாய்) எடுத்தபின் அழுத்திப் பிடிக்க, பின்னால் எலும்பு இருப்பது அங்கேதான். மேலே போய்விட்டால் ரத்தம் வயிற்றின் பின்பக்கம் கசியும்; தோலில் ஒன்றும் தெரியாது. முதுகுவலி வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, நாடி வேகமெடுத்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கீழே போனால் போலித் தமனி வீக்கம் (துளை வழியே கசிந்த ரத்தம் தமனிக்கு வெளியே பைபோலத் தேங்குவது) வரலாம். தொடை மடிப்பை அடையாளமாக வைப்பதை நம்ப முடியாது. பருமனானவர்களுக்கு அது கீழே சரிந்திருக்கும். அல்ட்ராசவுண்டில் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தைப் பார்த்து, அதற்கு மேலே குத்துவதே சரி.

ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின், உடல் எடையில் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். முழு அடைப்பில், பலூனுக்கு வழிகாட்டும் வயர் சுருண்டு தமனிச் சுவருக்குள் புகுவது சகஜம். சுவருக்குள்ளாகவே வயரைச் செலுத்தி அடைப்பைக் கடத்துவதும் ஒரு முறைதான். ஆனால் அடைப்பு முடிந்த உடனேயே ரத்தம் ஓடும் உள்வழிக்குத் திரும்பிவிட வேண்டும். தாண்டிப் போனால் காலை இதுவரை காப்பாற்றிவந்த பக்கக் கிளைகள் மூடிக்கொள்ளும். சிறிது காண்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து) செலுத்தி, வயர் உள்வழியில் இருப்பதை உறுதி செய்யாமல் பலூனை விரிக்கவே கூடாது.

தொடையில் பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. பலூன், கெண்டைக்காலில் 2 முதல் 3 மி.மீ. மெதுவாக அழுத்தம் ஏற்றி, 2-3 நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் சுவர் மோசமாகக் கிழியும், ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) தேவைப்படும். முழங்கால் மடியும் இடத்தில் வைத்த ஸ்டென்ட் நாளடைவில் முறியக்கூடும் என்பதால் அங்கே பொறுமைக்கு மதிப்பு அதிகம்.

கடைசிப் படம் பாதம் வரை இருக்க வேண்டும். சில நேரம் தொடையில் வழி அழகாகத் திறந்திருக்கும். ஆனால் உதிர்ந்த ரத்தக் கட்டி கீழே போய் அடைத்திருக்கும். அதை அங்கேயே உறிஞ்சி எடுத்துவிடலாம், வார்டுக்குப் போனபின் தெரிந்தால் நேரம் போய்விடும்.

வார்டில் கணுக்கால் அழுத்த விகிதத்தை (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தது) மட்டும் நம்பக் கூடாது. நீரிழிவில் தமனி சுண்ணாம்பேறி 1.4-க்கு மேல் காட்டும், ஆனால் கால் ரத்தமின்றித் தவிக்கும். கால்விரல் அழுத்தத்தையும் ரத்த ஓட்டத்தைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் ஒலியையும் பார்த்து, பாதத்தில் நாடி கிடைத்த இடத்தைப் பேனாவால் குறித்துவைத்தால், அடுத்த ஷிஃப்ட் செவிலியர் அதே இடத்தில் தேடலாம்.