நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போயி இன்டர்வியூல மாட்டிக்கிட்ட கத

மலேசியாவுல, பினாங்கு தீவுல இருக்கிற பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரி, டெக்னீசியன் வேல. மொத தடவ போனப்ப இன்டர்வியூவே நடக்கல. டிப்ளோமா ஒரிஜினல் எங்கன்னு கேட்டாங்க, எங்கிட்ட போட்டோஸ்டாட்தான் இருந்துச்சு. வந்த ஈமெயில்ல ஒரிஜினல் கொண்டு வரணும்னு ஒரு வார்த்த இல்லலா. நான் இருக்கிறது எதிர்க்கரை பட்டர்வொர்த், அங்கேர்ந்து ஃபெரி புடிச்சு, ஜெட்டில பஸ் ஏறி, போக வர அர நாள் காலி, கவுண்டர்ல இருந்த பொண்ணு தலையக்கூட தூக்காம அடுத்த வாரம் வாங்கன்னுட்டா.

அந்த ஒரு வாரத்துலதான் நான் கெட்டேன். ராத்திரி பூரா வீடியோவா பாத்துத் தள்ளுனேன், எல்லாம் அமெரிக்காக்காரன் போட்டது. கைய இறுக்கிப் புடிச்சுக் குலுக்கு, கண்ண விட்டு கண்ண எடுக்காத, உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் இடுப்புல கைய வச்சு கால அகட்டி நில்லு, தைரியம் தானா ஊறும்னான். நம்பிட்டேன்.

சொன்ன மாதிரியே ஃபேக்டரி டாய்லெட்ல போயி இடுப்புல கை வச்சு நிக்கிறேன், கிளீனர் பாக்சிக், அதான் மலாய்க்காரப் பெரியவர், ஒருத்தர் மாப்போட உள்ள வந்தாரு. என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "சாக்கிட் பிங்காங் கே?"ன்னாரு. இடுப்பு வலியான்னு அவ்ளோ பரிவா கேட்டாரு, ஆமான்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன், வேற என்ன சொல்றது.

இன்டர்வியூ ரூம்ல ரெண்டு பேரு. எச்.ஆர் புவான், அதான் மேடம், ஒருத்தவங்க, தலையில துடோங் துணி போட்டிருந்த மலாய்க்காரவங்க, பக்கத்துல வயசான சீன இன்ஜினியர். நான் நேரா போயி அந்தப் புவான்கிட்ட கைய நீட்டிட்டேன். பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான், மலாய்க்காரப் பொம்பளைங்க அவங்களா கை நீட்டுனாதான் நாம குடுக்கணும், இல்லன்னா நெஞ்சுல கை வச்சு லேசா தலைய சாய்ச்சா போதும்னு சின்ன புள்ளைக்கும் தெரியும், அன்னிக்கு மட்டும் மண்டையில வீடியோ ஓடுது. அவங்க சிரிச்சுக்கிட்டே நெஞ்சுல கை வச்சாங்க. என் கை அந்தரத்துல தொங்குது. அத மடக்கி பாக்கெட்டுல வைக்கிறதா தலைய சொறியிறதான்னு தெரியாம ஃபைல் மேல வச்சுட்டேன்.

அதோட விட்டேனா? அந்த இன்ஜினியரயே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தேன், கண்ணே சிமிட்டல. நாலாவது கேள்வியில மனுசன் கண்ணாடிய கழட்டி மேசையில வச்சுட்டு, என் மேல ஏதாச்சும் கோவமான்னு கேட்டாரு. அப்புறம் என்ன, ரெண்டு வாரம் கழிச்சு வருந்துகிறோம்னு ஈமெயில்.

வெறுத்துப் போயி அந்த ரெண்டு நிமிச கதைய தேடிப் பாத்தா, 2010ல வெறும் 42 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சியாம். ஒடம்ப அகலமா விரிச்சு வச்சா ஹார்மோனே மாறும்னு சொன்னாங்க. 2015ல வேற குழு 200 பேர வச்சு செஞ்சு பாத்தப்ப, தெம்பா இருக்கிற மாதிரி தோணுச்சுன்னு ஆளுங்க சொன்னாங்களே தவிர ஹார்மோன் ஒண்ணும் மாறல. மொத ஆராய்ச்சிய செஞ்சவங்கள்ல ஒருத்தரான டானா கார்னியே 2016ல எனக்கு இதுல நம்பிக்க இல்லன்னு வெளிப்படையா எழுதிட்டாங்க. இது தெரியாம நான் டாய்லெட்ல நின்னுருக்கேன்.

அடுத்தது பத்து காவான்ல ஒரு கம்பெனி, நம்ம கரையிலயே, பாலமும் வேணாம் ஃபெரியும் வேணாம். இந்த தடவ வீடியோ பாக்கல, அக்காவ சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உக்கார வச்சு கேள்வி கேக்கச் சொன்னேன், கைஃபோன சீனி டப்பாவுல சாய்ச்சு ரெக்கார்ட் பண்ணோம். போட்டுப் பாத்தா அசிங்கமா போச்சு. பேனாவ டக்கு டக்குன்னு அமுக்கிக்கிட்டே இருக்கேன், சம்பளம்னு கேட்டதும் கை மூக்குக்குப் போகுது, கால் மட்டும் தையல் மிசின் ஓட்டுது. பின்னாடி அம்மாவோட குரலும் பதிவாயிருக்கு, "கால ஆட்டாதடா, வீட்டுக்கு ஆகாது." இருவது வருசமா சொல்றாங்க, நான் எங்க கேட்டேன்.

பேனாவ வீட்டுலயே விட்டுட்டேன். ரெண்டு பாதமும் தரையில படுற மாதிரி உக்காந்தேன், கைய மேசை மேல வச்சுக்கிட்டேன், கேக்குறவர் மொகத்தப் பாத்து பதில் சொன்னேன், யோசிக்கும்போது கண்ண அப்படி இப்படி நவுத்திக்கிட்டேன். கை குலுக்க அவங்களா நீட்டுற வரைக்கும் பொறுத்தேன். பக்கத்துல இருக்கிற ஆள காட்டணும்னா விரல நீட்டாம கட்டவிரலால காட்டுங்க, நம்ம ஊர்ல அதான் மரியாதை. மிசின் திடீர்னு நின்னா மொதல்ல என்ன பாப்பேன்னு கேட்டாங்க, அதுக்கு பதில் தெரிஞ்சதால கை தானா பேசுச்சு, அங்க எதையும் நடிக்க வேண்டியிருக்கல.

பத்து நாள்ல லெட்டர் வந்துருச்சு. வர்ற திங்கக்கெழம மெடிக்கல் செக்கப். ஐசி (அடையாள அட்டை), எஸ்பிஎம் (பள்ளிக்கூட சோதனை) சர்டிபிகேட், டிப்ளோமா எல்லாம் ஒரிஜினல் ஃபைல்ல எடுத்து வச்சாச்சு, போட்டோஸ்டாட் மூணு செட்.