ஒரு ஸ்பேஸால் அழிந்த உபுண்டுவை மீட்டெடுத்த அனுபவம்

என் கணினியின் இயங்குதளமான உபுண்டு லினக்ஸில், பழைய ஸ்கேனர் ஒன்றின் டிரைவர், யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் இருக்கும் லிப் ஃபோல்டரில் தங்கிவிட்டிருந்தது. ஸ்கேனரே இல்லாதபோது டிரைவர் எதற்கு என்று நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு, ஃபைல்களை அழிக்கும் ஆர்எம் கட்டளையை எழுதினேன். லிப் என்ற சொல்லுக்கும் அதையடுத்த சாய்கோட்டுக்கும் நடுவே ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. கட்டளை அதை இரண்டு இடங்களாக எடுத்துக்கொண்டது: ஒன்று லிப் ஃபோல்டர் முழுவதும், இன்னொன்று இல்லவே இல்லாத ஏதோ ஒன்று. கண்மூடித் திறப்பதற்குள் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போகிறதே என்று தோன்றியதும் கன்ட்ரோல் சி அழுத்தினேன். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது.

ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்துப் பார்த்தேன். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று பதில் வந்தது. நகலெடுக்கும் சிபி, சூடோ, எதை அடித்தாலும் அதே பதில். அந்தக் கட்டளைகள் இருப்பது ‘பின்’ என்ற பெயருள்ள ஃபோல்டரில். நான் அதைத் தொடவே இல்லை. எல்லாமே போய்விட்டதா என்று நெஞ்சு படபடத்தது.

அந்த நேரத்தில் கைகொடுத்தது, கொடுத்ததைத் திரையில் காட்டும் எக்கோ. அது டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லின் உள்ளேயே இருக்கும் கட்டளை, வெளியே தனி ஃபைல் தேவையில்லை. ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையும் அப்படித்தான். ‘பின்’ ஃபோல்டருக்குள் போய் எக்கோவுடன் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். எல்எஸ் உட்பட நூற்றுக்கணக்கான பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. ஃபைல் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது. சற்று யோசித்தபிறகுதான் புரிந்தது. லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் தாமாக ஓடுவதில்லை. லோடர் என்ற சிறு நிரல்தான் அவற்றுக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணை ஃபைல்களை, நினைவகத்தில் ஏற்றி ஓடவைக்கிறது. அந்த லோடர் இருப்பது லிப் ஃபோல்டரில். இயங்குதளத்தின் மையமான கெர்னல், ‘இல்லை’ என்று சொன்னது லோடரை. நான் படித்தது எல்எஸ் இல்லை என்று. இந்த வேறுபாடு தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

இந்த நிலையில் யாரும் உடனே செய்யக்கூடாதது ரீஸ்டார்ட். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள், ஃபைல் அழிக்கப்பட்ட பிறகும் தாம் திறந்துவைத்த பிரதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி நிரல் அதை விடும்வரை அந்த ஃபைல் வட்டிலிருந்து உண்மையில் நீங்குவதில்லை. அதனால் பிரவுசர் வேலை செய்தது, எடிட்டரும் வேலை செய்தது. திறந்து வைத்திருந்த கட்டுரையை கன்ட்ரோல் எஸ் அழுத்திச் சேமித்தேன். பிரவுசரில் தேவையானதைப் படித்துக் கையால் ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். டெர்மினலை மூடவே இல்லை. மூடினால் இன்னொன்று திறக்காது.

அணைப்பதற்கும் வழி யோசிக்க வேண்டியிருந்தது, ஷட்டவுன் கட்டளையும் லோடரை நம்பித்தான் இருக்கிறது. ஆல்ட்டும் பிரின்ட் ஸ்கிரீனும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்று ஒவ்வொன்றாக அழுத்தினேன். முதலாவது நினைவகத்தில் நிற்கும் தரவை வட்டில் எழுதும், இரண்டாவது வட்டை வாசிக்க மட்டும் என்று மாற்றும், மூன்றாவது மறுதொடக்கம் செய்யும். இது கெர்னலே நேரடியாகக் கேட்டுக்கொள்ளும் வழி. உபுண்டுவில் இந்த மூன்றும் முன்கூட்டியே அனுமதிக்கப்பட்டிருக்கின்றன.

அப்புறம் பென்டிரைவ். மேசை டிராயரில் பழைய உபுண்டு 20.04 லைவ் யூஎஸ்பி, அதாவது நிறுவாமலே உபுண்டுவை ஓடவைக்கும் பென்டிரைவ், ஒன்று கிடந்தது. அதில் பூட் செய்து, முதல் வேலையாக ஹோம் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். இதை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு லைவ் அமைப்பின் லிப் ஃபோல்டரிலிருந்து காணாமல் போனவற்றை என் வட்டுக்கு நகலெடுத்து, லைவ் அமைப்பிலிருந்தபடியே என் வட்டிலுள்ள உபுண்டுவில் வேலை செய்யவிடும் சிஎச்ரூட் கட்டளை வழியாக உள்ளே நுழைய முயன்றேன். ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியின் 2.34 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. என் கணினியில் இருந்தது 22.04. அதன் நிரல்கள் ஜிலிப்சி 2.35-உடன் கட்டப்பட்டவை, 20.04-இல் இருப்பதோ 2.31. ஒரு மாலைப்பொழுது அப்படியே போனது.

வேறொரு கணினியில் 22.04 லைவ் யூஎஸ்பி தயாரித்தேன். முன்பு கலந்துகிடந்த லிப் ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஓரமாக வைத்தேன், ஏதாவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாமே என்று. புதிய லைவ் அமைப்பிலிருந்து லிப்பை முழுதாக, அனுமதிகளும் உரிமையாளரும் மாறாதபடி நகலெடுத்தேன். சில உதவி நிரல்கள் ரூட் உரிமையோடு ஓட வேண்டியவை, சாதாரண நகலில் அந்த அடையாளம் விழுந்துவிடும். கருவிகளையும் கெர்னல் விவரங்களையும் காட்டும் டெவ், ப்ராக், சிஸ் ஃபோல்டர்களை உள்ளே இணைத்துவிட்டு மறுபடி சிஎச்ரூட். இம்முறை என்னுடைய ஷெல் ப்ராம்ப்ட் வந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஆப்டுக்கு அப்டேட் கொடுத்தால் இணைய முகவரிகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைச் செய்யும் டிஎன்எஸ்ஸின் அமைப்பு ஃபைல் உண்மையில் ரன் ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பு மட்டும்தான். அந்த ரன் ஃபோல்டரையும் உள்ளே இணைத்ததும் சரியானது.

லைவ் அமைப்பிலிருந்து வந்தவை தற்காலிக ஊன்றுகோல்தான். என் கணினியில் இருந்த அதே பதிப்புகள் அல்ல. எது எது இருந்தது என்பதற்கு வார் ஃபோல்டருக்குள், பேக்கேஜ்களை நிர்வகிக்கும் டிபிகேஜி ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. நிறுவப்பட்ட ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு பட்டியல், அதில் அந்த பேக்கேஜ் எந்தெந்த ஃபைலை எங்கே வைத்தது என்ற விவரம். நான் அழித்தது லிப்பை. பதிவேடு அப்படியே இருந்தது. மீட்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்ததே இதனால்தான். இந்தப் பதிவேடும் போயிருந்தால் புதிதாக நிறுவுவதே மேல் என்பேன்.

முதலில் அடித்தளம்: ஜிலிப்சி, பெர்ல் பேஸ், டிபிகேஜி, ஆப்ட், பைத்தானின் குறைந்தபட்ச பேக்கேஜ். நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளில் பல இவற்றை நம்பியிருப்பதால், இவை சரியாக இல்லாமல் மற்றதைத் தொட்டால் பாதியில் நிற்கும். அடுத்து, பட்டியல்களில் யூஎஸ்ஆர் லிப் என்று வரும் பேக்கேஜ்களையெல்லாம் தேடியெடுத்து மறுநிறுவலுக்குக் கொடுத்தேன். ஆயிரத்துக்கும் மேல். இரவு முழுக்க ஓடியது. பதிவிறக்க முடியாதவை என்று சிலவற்றை ஆப்ட் சொன்னது. நான் தனி டெப் ஃபைலாக, அதாவது நேரடியாக இறக்கிய பேக்கேஜாக, நிறுவியவை அவை. குறித்து வைத்துக்கொண்டேன்.

காலையில் பூட் செய்தேன். உபுண்டு இருக்கும் ரூட் பார்ட்டிஷனைக் காணவில்லை என்ற எச்சரிக்கையோடு, பூட் ஆகும்போது வட்டைத் திறக்க உதவும் தற்காலிகச் சிறு அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸின் ப்ராம்ப்டில் நின்றது. வட்டு நன்றாகத்தான் இருந்தது, லைவ் யூஎஸ்பியில் திறந்தால் திறக்கிறது.

காரணம் நான் தேடிய சொல்லில் இருந்தது. இப்போதைய உபுண்டுவில் மேல்மட்டத்தில் உள்ள லிப், யூஎஸ்ஆருக்குள் இருக்கும் லிப்பைச் சுட்டும் இணைப்பு. இரண்டும் ஒரே இடம்தான். ஆனால் 22.04-இன் பேக்கேஜ் பட்டியல்களில் சில ஃபைல்கள் இன்னும் பழைய பாதையிலேயே, அதாவது யூஎஸ்ஆர் இல்லாமல் வெறும் லிப் என்றே பதிவாகியிருக்கின்றன. டிரைவர்கள் முதலிய கெர்னல் மாட்யூல்கள் அப்படிப்பட்டவை. என் தேடலில் அவை சிக்கவில்லை, மறுநிறுவலும் ஆகவில்லை. இதற்கிடையே வேறு ஏதோ பேக்கேஜ் இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கச் சொல்ல, வட்டைப் படிக்கும் டிரைவர் இல்லாத ஒன்று உருவாகி, பூட் ஃபோல்டரில் இருந்த நல்லதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. மாட்யூல்கள் இல்லை என்ற எச்சரிக்கை ஓடிய வரிகளுக்கு நடுவே வந்திருக்க வேண்டும். நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மறுபடி லைவ் யூஎஸ்பி, மறுபடி சிஎச்ரூட். இரண்டு பாதைகளையும் சேர்த்துத் தேடி விடுபட்டவற்றை நிறுவினேன். கெர்னலும் அதன் மாட்யூல் பேக்கேஜும் முதலில், அதன்பின் எல்லாக் கெர்னல்களுக்கும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை நானே உருவாக்கினேன், கடைசியாக, பூட்டைத் தொடங்கிவைக்கும் கிரப். இம்முறை ஓடும் ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து படித்தேன்.

லாகின் திரை வந்தது. டெஸ்க்டாப், என் அமைப்புகள், அந்தக் கட்டுரை, எல்லாம் விட்ட இடத்தில் இருந்தன.

டிபிகேஜிக்கு வெரிஃபை என்று ஒரு வசதி உண்டு. பதிவேட்டையும் வட்டையும் ஒப்பிட்டு, மாறியதையும் காணாமல் போனதையும் வரி வரியாகக் காட்டும். நான் கையால் திருத்திய சில அமைப்பு ஃபைல்கள் மாறியவையாக வந்தன, அவை வரவேண்டியவைதான். காணவில்லை என்று வந்த வரிகளில் தனி டெப் ஃபைலாக நிறுவியவற்றை மீண்டும் இறக்கி நிறுவினேன். மீதி இருந்த வரிகள் எல்லாம் ஒரே பேக்கேஜுடையவை: அந்தப் பழைய ஸ்கேனர் டிரைவர். அது முறையாகப் பதிவான பேக்கேஜாகவே இருந்திருக்கிறது. ஆப்ட் பர்ஜ் போட்டு, அதன் பெயரைக் கொடுத்து அகற்றினேன். மறுபடி வெரிஃபை ஓட்டியபோது காணவில்லை என்ற வரி ஒன்றும் இல்லை.