இதயக் கோப்பில் இல்லாத எண்

பிறவி இதயக் கோளாறோடு வளர்ந்தவர்கள் வீட்டில் தடித்த ஒரு மருத்துவக் கோப்பு கட்டாயம் இருக்கும். என் கோப்பில் வால்வை விரித்த பலூன் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை மில்லி சாய மருந்து ஏற்றினார்கள், மயக்க மருந்து எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. உடம்புக்குள் போன எக்ஸ்ரே கதிர் எவ்வளவு என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. வளர்ந்த பிறகு சிகிச்சை செய்த இடத்தில் கேட்டேன், பழைய பதிவு எதுவும் இல்லை என்றார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

சரி, இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளையின் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அடைத்த வால்வும் மூடாத ஓட்டையும் உயிருக்கே ஆபத்தாகலாம், நான் பேசுவதோ பல வருடம் கழித்து அந்தக் கதிரால் வரக்கூடிய புற்றுநோய் என்ற ஒரு சிறிய அபாயத்தைப் பற்றி.

ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, எக்ஸ்ரேயில் பார்த்தபடியே சிகிச்சை செய்யும் அறைதான் கேத் லேப். அங்கே டாக்டர் பெடலை மிதித்திருக்கும் வரை எக்ஸ்ரே ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். கதீட்டர் எங்கே போகிறது என்று பார்க்க நொடிக்கு 30 படமும் எடுக்கலாம், 15 படமும் எடுக்கலாம், பல இடங்களில் 7.5 படமே போதும். படத்தைப் பதிவு செய்யும் முறைக்கு மாறினால் டோஸ், அதாவது உடம்பு வாங்கும் கதிரின் அளவு, பல மடங்கு ஏறும். அதனால் ஒரே சிகிச்சைக்கு ஒரு பிள்ளைக்குப் போகும் கதிரும் இன்னொரு பிள்ளைக்குப் போகும் கதிரும் ஒன்றாக இருப்பதில்லை, கோளாறு எவ்வளவு சிக்கல், எந்திரம் எவ்வளவு புதிது, பெடல் மேல் இருக்கும் கால் எவ்வளவு கவனமாக இருக்கிறது என எல்லாமே அதில் சேரும்.

பிள்ளைகளுக்கு ஏன் கூடுதல் கவலை என்றால், அவர்களின் செல்கள் வேகமாகப் பிரிகின்றன, உடம்பு சிறியது என்பதால் இதயத்தைக் குறிவைத்த கதிருக்குள் நுரையீரலும் மார்பகத் திசுவும் சில நேரம் தைராய்டும் வந்துவிடுகின்றன, அப்புறம் முன்னால் ஒரு முழு ஆயுள் கிடக்கிறது. ரத்தப் புற்றுநோய் சில வருடங்களில் தெரியலாம், கட்டியாக வரும் புற்றுநோய்க்குப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகும்.

அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 337 குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2014இல் வந்தது. எடுத்த படங்களில் 92 சதவீதம் சாதாரண எக்ஸ்ரேதான், ஆனால் மொத்தக் கதிரில் 81 சதவீதம் கதீட்டர் சிகிச்சையிலிருந்தும் சிடி ஸ்கேனிலிருந்தும் வந்திருந்தது. நடு டோஸ் (பாதிப் பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவு, பாதிக்கு அதிகம்) 2.7 மில்லிசீவர்ட், அதாவது உலகில் சராசரி மனிதருக்கு இயற்கையாகவே ஒரு வருடத்தில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் வாழ்நாளில் கூடும் புற்றுநோய் அபாயம் 0.07 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இந்த இடத்தில் நிறுத்தினால் நிம்மதியாக இருக்கும், ஆனால் அதே ஆய்வில் மிக அதிகக் கதிர் வாங்கிய பிள்ளைக்கு அபாயம் 6.5 சதவீதம் வரை போகிறது, ஒரே அளவு கதிருக்குப் பெண் பிள்ளைகளுக்கு ஆண் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு அபாயம் குறைவுதான், திரும்பத் திரும்பக் கேத் லேப்புக்குப் போகும் பிள்ளையின் கணக்குதான் வேறு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

இவை கணித்த அபாயம். நேரடியாக எண்ணிப் பார்ப்பது சிரமம் என்பதற்கு 2018இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு நல்ல உதாரணம். கதீட்டர் சிகிச்சை செய்த பதினோராயிரத்துச் சொச்சம் இளையவர்களிடம் புற்றுநோய், குறிப்பாக நிணநீர்ப் புற்றுநோய், எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது அந்த அதிகம் காணாமல் போனது, ஏனென்றால் மாற்று உறுப்பைக் காக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தே நிணநீர்ப் புற்றுநோயைத் தூண்டக்கூடியது. அதற்காகக் கதிரால் ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் முடியாது. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சிறு வயதில் சிடி எடுத்த சுமார் ஒன்பதரை லட்சம் பேரைப் பின்தொடர்ந்த 2023 ஆய்வில், டோஸ் கூடக் கூட ரத்தம் சார்ந்த புற்றுநோய்களும் கூடின.

ஆகவே பெற்றோர் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: இதே தகவல் எக்ஸ்ரே இல்லாத எக்கோவிலோ எம்ஆர்ஐயிலோ கிடைக்குமா? குழந்தைக்கான டோஸ் அமைப்பில்தான் எந்திரம் ஓடுமா? முடிந்ததும் ஃப்ளூரோஸ்கோபி நேரத்தையும் (எக்ஸ்ரே ஓடிய நேரம்), எந்திரமே காட்டும் டிஏபி என்ற டோஸ் அளவையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லுங்கள். எந்திரத் திரையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது.

என்னைப்போல் பழைய எண் கிடைக்காதவர்கள், எந்த வயதில் என்ன சிகிச்சை, எத்தனை சிடி என்று ஒரே தாளில் எழுதி வையுங்கள். அப்போதைய எடையும் தெரிந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், மருத்துவ இயற்பியலாளர் ஒருவர் அதை வைத்துத் தோராயமாக ஒரு டோஸ் கணக்கிட்டுத் தர முடியும். இப்போது பார்க்கும் இதய டாக்டரிடம் அந்தத் தாளின் நகலைக் கொடுத்து, மார்பகப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்கலாம் என்று பெண்கள் கட்டாயம் கேட்டுவிடுங்கள்.